தோபா ஏரியில் மோட்டார் திணறுகிறதா?

வணக்கம் அண்ணே. பினாங்கு கடலில் நன்றாக ஓடிய உங்கள் 5 குதிரைசக்தி படகு மோட்டார் சுமத்ராவின் தோபா ஏரியில் இழுக்கவில்லை, ஸ்பார்க் பிளக்கும் கரி பிடிக்கிறது என்றீர்கள். பெரும்பாலும் உயரம்தான் காரணம். தோபா கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 விழுக்காடு குறைவு. காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காது. காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் சரியாக எரியாமல் கரியாகிறது.

மெக்கானிக்கிடம் ஒரு படி சிறிய மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பாகம்) போடச் சொல்லுங்கள். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஒரு அங்குலம் குறைந்த புரொப்பெல்லர் கிடைத்தால் இன்னும் நல்லது, சுழற்சி ஏறும். இழந்த சக்தி முழுதாகத் திரும்பாது, ஆனால் திணறல் குறையும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: பினாங்கு திரும்பியதும் பழைய ஜெட்டையே மாட்டுங்கள். சிறிய ஜெட்டோடு கடலில் முழு வேகத்தில் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் சூடேறி பிஸ்டனே போய்விடும்.