தேஷ்கார் பூபாளியாகிவிடுகிறது என்று கேட்டவருக்கு
இந்துஸ்தானி ராகமான தேஷ்கார் பாட ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே இன்னொரு ராகமான பூபாளி வந்து உட்கார்ந்துவிடுகிறது என்கிறீர்கள். வராமல் என்ன செய்யும், இரண்டுக்கும் அதே ஸ ரி க ப த தானே (நம் மோகனத்தின் சுரங்கள்), அதனால் சுரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்காமல் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். இரவு ராகமான பூபாளிக்கு வாதி, அதாவது முதன்மைச் சுரம், காந்தாரம் (க); காலையில் பாடும் தேஷ்காருக்குத் தைவதம் (த). நீங்கள் ஸ ரி க என்று ஏறி காந்தாரத்தில் சாய்ந்துகொள்கிறீர்கள் போலிருக்கிறது, அங்கேயே கதை முடிந்தது. ரிஷபத்தை (ரி) விட்டுவிட்டு ஸ க ப த என்று நேரே தைவதத்துக்குப் போய், அதை நன்றாக நீட்டி, அப்புறம் பஞ்சமத்துக்கு (ப) வந்து நில்லுங்கள். ரிஷபமா? இறங்கும்போது க ரி ஸ என்று லேசாகத் தொட்டால் போதும். மந்திர ஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயிப் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம், அது பூபாளியின் பேட்டை.