சாய்ந்த வீட்டுக்குள் போகலாமா?

கேள்வி: மகள் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள், அடுத்த மாதம் அவளிடம் போகிறோம். ராட்டர்டாம் நகரில் மஞ்சள் நிறத்தில் கோணலாக நிற்கும் வீடுகளைப் படத்தில் பார்த்தேன். அவற்றில் மெய்யாகவே குடித்தனம் நடக்கிறதா? பிறர் வீட்டை வேடிக்கை பார்க்கப் போவது முறையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: குடித்தனம் நடக்கிறது. ஒரு பகடையை அதன் முனையில் நிறுத்தி, அந்த முனையை ஓர் அறுகோணத் தூணின் தலையில் செருகினால் எப்படி இருக்குமோ, அப்படி 38 சிறிய வீடுகளும் இரண்டு பெரிய கட்டடங்களும் அங்கே ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பீட் பிளோம் என்ற டச்சுக் கட்டடக் கலைஞர், 1970களில் ஹெல்மண்ட் என்ற சிறிய ஊரில் இதே வடிவத்தைக் கட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ராட்டர்டாமில் பெரிய அளவில் செய்தார். 1984இல் பணி முடிந்தது. ஒவ்வொரு வீடும் ஒரு மரம், எல்லாம் சேர்ந்தால் ஒரு காடு என்பது அவருடைய கற்பனை. 1940 மே 14 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் நடுநகரமே அழிந்துபோன ஊர் அது. பழையதைப் போலவே திருப்பிக் கட்டாமல், புதுமைகளுக்கு இடம்கொடுத்து வளர்ந்ததால்தான் இப்படியொரு விபரீத யோசனைக்கும் அங்கே அனுமதி கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடுகளுக்குக் கீழே செல்லும் பாதை, போக்குவரத்து மிகுந்த சாலைக்கு மேல் அமைந்த பொதுநடைபாதை. யாரும் போகலாம், படமெடுக்கலாம். ஆனால் கதவுகள் அவரவர் வீட்டுக் கதவுகள். வழிப்போக்கர்கள் ஓயாமல் எட்டிப் பார்த்ததால், வீட்டுக்காரர் ஒருவர் தம் வீட்டையே சாமான்களோடு காட்சிக்குத் திறந்துவிட்டார். ‘கைக்-கூபஸ்’ என்ற அந்த வீட்டுக்குச் சிறிய கட்டணம் உண்டு. அதைப் பார்த்தாலே போதும். மற்றவர்களின் அழைப்புமணியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீடு சாய்ந்திருந்தால் தரையும் சாய்ந்திருக்குமா? கட்டிலையும் பீரோவையும் எங்கே வைப்பார்கள்?
– வாசகர், விருதுநகர்

பதில்: தரை சமமாகத்தான் இருக்கிறது, சுவர்கள்தாம் சாய்ந்தவை. தூணுக்குள் இருக்கும் குறுகிய படிகளில் ஏறினால் முதலில் வருவது முக்கோண வடிவிலான கூடமும் சமையலிடமும். அங்கே சுவர் மேலே போகப் போக நம்மை விட்டு விலகி வெளிப்புறமாகச் சாய்கிறது. ஆகவே சாதாரண பீரோவைக் கொண்டுபோய் நிறுத்தினால் அதன் அடி மட்டுமே சுவரைத் தொடும், முதுகுக்குப் பின்னால் பூனை படுக்க இடம் இருக்கும். ஜன்னலருகே போய் நின்றால் எதிர்வீடு தெரியாது, காலுக்கு நேர் கீழே தெருவில் நடப்பவரின் உச்சந்தலைதான் தெரியும். நடுத்தளத்தில் படுக்கையறைகளும் குளியலறையும். அங்குள்ள ஜன்னல்கள் வானத்தைப் பார்க்கின்றன. உச்சியில் கூம்பு வடிவில் ஒரு சிற்றறை இருக்கிறது. சுவர்கள் அங்கே உட்புறமாகக் கவிந்திருப்பதால் நடுவில் மட்டுமே நிமிர்ந்து நிற்க முடியும் (உயரமானவர்கள் நெற்றியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்). மொத்தப் பரப்பு ஏறக்குறைய 100 சதுர மீட்டர் என்றாலும், அதில் கால்பங்கு இந்தச் சாய்வினால் புழங்க முடியாமல் போகிறது. அளவெடுத்துச் செய்த சாமான்களே அந்த வீட்டில் ஒழுங்காகப் பொருந்தும். பார்க்க அழகு, வசிக்கப் பொறுமை வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: ஓர் இரவு தங்கிப் பார்க்க வழி உண்டா? முழங்கால் வலி உள்ளவர்கள் போகலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தங்கலாம். பெரிய கனசதுரக் கட்டடத்தில் 2009 முதல் ‘ஸ்டேஓகே’ என்ற விடுதி நடக்கிறது. அறையைப் பகிர்ந்துகொள்ளும் வகை விடுதி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி இருந்தால் காட்சி வீட்டின் படிகள் செங்குத்தானவை என்பதால் நான் ஏறச் சொல்ல மாட்டேன். பிளாக் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே வீடுகள் கண்ணில் படும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதில் குறையொன்றும் இல்லை. அதே இடத்தில் 2014இல் திறந்த மார்க்ட்ஹால் இருக்கிறது. குதிரைலாடம் போல் வளைந்த அந்தக் கட்டடத்தின் வளைவுக்குள் 228 வீடுகளும் அடியில் காய்கறி, மீன், பாலாடைக்கட்டிக் கடைகளும் உள்ளன. மற்றவர்கள் படியேறிவிட்டு வரும்வரை நீங்கள் அங்கே உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம்.