ஏஜென்ட் தள்ளாடுகிறார், ஜர்னல் சந்தாவை என்ன செய்வது? – கேள்வி பதில்

நூலகங்களிடம் பணம் வாங்கிப் பதிப்பகங்களுக்குக் கட்டி ஜர்னல் சந்தா எடுத்துத் தரும் ஏஜென்ட்கள் பற்றி மதுரை சுற்றுவட்டாரக் கல்லூரி நூலகர்கள் கேட்டதற்கு, மூத்த நூலகர் ஒருவரின் பதில்கள்.

திருமங்கலம்: ஐயா, எங்கள் ஏஜென்ட் கடனில் இருப்பதாகப் பேச்சு. இப்போதே முழுப் பணமும் கட்டினால் கூடுதல் தள்ளுபடி என்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். வழக்கத்தைவிட அதிகத் தள்ளுபடி, அதுவும் அவசரமாக முன்பணம் என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நாம் கொடுக்கும் பணம் ஏஜென்ட் கணக்கில்தான் விழுகிறது, அங்கிருந்து பதிப்பகத்துக்குப் போனதா என்பது நமக்குத் தெரிவதில்லை. 2003-இல் அமெரிக்காவின் ரோவ்காம் என்ற சந்தா ஏஜென்ட் நிறுவனம் திவாலானபோது நூலகங்கள் கட்டிய கோடிக்கணக்கான டாலர் பதிப்பகங்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. 2014 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஸ்வெட்ஸ், நூறாண்டு தாண்டிய ஏஜென்ட் நிறுவனம், அதுவும் திவாலாகி விழுந்தது. அதனால் பெரிய தொகை ஜர்னல்களுக்குப் பதிப்பகத்திடமே நேரடியாக இன்வாய்ஸ் கேளுங்கள். மீதியை ஏஜென்ட் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்றால், பதிப்பகத்துக்குப் பணம் கட்டிய ரசீதை ஒவ்வொரு ஜர்னலுக்கும் காட்டிய பிறகு பில்லை பாஸ் செய்யுங்கள். முதல்வர் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேலூர்: சார், நாங்கள் பணம் கட்டியாகிவிட்டது, இதழ்கள் வருவது நின்றுவிட்டது.

கடைசியாக வந்த இதழின் உறை இருக்கிறதா பாருங்கள். முகவரிச் சீட்டில் சந்தாதாரர் எண் இருக்கும், பல ஜர்னல்களில் சந்தா முடியும் மாதமும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணைப் போட்டுப் பதிப்பகத்துக்கே மெயில் அனுப்பி, இந்த ஆண்டுப் பணம் வந்ததா என்று ஒற்றை வரியில் கேளுங்கள். வரவில்லை என்றால் நீங்கள் ஏஜென்டிடம் கட்டிய ஆதாரத்தை இணைத்து, இதழை நிறுத்தாமல் அனுப்பும்படி கேளுங்கள். ரோவ்காம் விவகாரத்தில் பல பதிப்பகங்கள் அப்படி அனுப்பின. ஏஜென்டுக்குப் போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது, எழுத்தில் இருக்கட்டும்.

திண்டுக்கல்: ஒரே நாடு ஒரே சந்தா வந்தபின் இந்தக் கவலை எதற்கு?

2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மத்திய அரசே ஜர்னல்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டுகிறது, ஆனால் அது மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கானது. அதில் கிடைப்பதும் மின்னிதழ்தான். அரசுக் கல்லூரி என்றால் ரினியூவல் போடுமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள், ஒரே ஜர்னலுக்கு இரண்டு முறை பணம் போக வேண்டாம். சுயநிதிக் கல்லூரிகளுக்கு ஏஜென்ட் கவலை அப்படியேதான் இருக்கிறது.

காரைக்குடி: ஏஜென்ட் கம்பெனி திவால் வழக்குக்கே போய்விட்டால்?

2016 திவால் சட்டப்படி, அந்தக் கம்பெனியிடமிருந்து பணம் வர வேண்டியவர்கள், உங்களைப் போன்றவர்களும்தான், கோரிக்கை தர வேண்டும் என்று பத்திரிகையில் அறிவிப்பு வரும், கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். ஆர்டர் நகல், இன்வாய்ஸ், வங்கி ஆதாரம் மூன்றையும் வைத்து, திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்பட்ட தீர்வு நிபுணரிடம் கொடுத்துவிடுங்கள். குறைந்தது ஒரு கோடி ரூபாய் நிலுவை இருக்க வேண்டும் என்ற வரம்பு வழக்குத் தொடுப்பதற்குத்தான், கோரிக்கை வைக்க அது தேவையில்லை, அதனால் சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள். பிணையம் வைத்திருக்கும் வங்கிகள் முன்னால் நிற்கும், முழுப் பணமும் திரும்புவது அரிது. ஆனால் ஆடிட்டில் கேட்கும்போது கோரிக்கை கொடுத்த ஒப்புகைச் சீட்டு உங்கள் ஃபைலில் இருந்தே ஆக வேண்டும்.