ஒருமுறை பொரித்த எண்ணெயைக் கடைகளில் எத்தனை தடவை வரை பயன்படுத்தலாம்?

வடை, ரோல்ஸ், கட்லட் பொரிக்கும் கடைகளில் அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது ஆபத்தானதா, எத்தனை தடவை வரை பொறுத்துக்கொள்ளலாம், வெளியே சாப்பிடுகிற ஒருவர் அதை எப்படி அறிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஸ் நிலையத்தை அண்டிய ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று வருடங்கள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றவன் நான். இப்போது தலவாக்கலைப் பக்கத்தில் சொந்தமாக ஒரு சிறிய கடை நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தடவைகளை எண்ணுவதால் பெரிய பயன் இல்லை. அந்தச் சட்டி கடைசியாக எப்போது முற்றாகக் காலி செய்யப்பட்டது, வெளியே எடுத்த எண்ணெய் எங்கே போனது என்ற இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

நான் வேலை செய்த கடையில் சட்டி காலியானதே இல்லை. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயோ 24, 25 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கிவிடும். ஆகையால் மார்கழி, தை மாதங்களில் அதிகாலை நான்கரை மணிக்குக் கடையைத் திறந்தால், முந்திய இரவு மூடி வைத்த எண்ணெய் சட்டிக்குள் கட்டியாகக் கிடக்கும். அகப்பைக் காம்பால் குத்திப் பெயர்த்தால் அதன் வெட்டுமுகம் தெரியும்: மேலே மங்கிய மஞ்சள், அதற்குக் கீழே தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு, அடியில் கருகிய பருப்பும் ரஸ்க் தூளும் படிந்த கரிய மண்டி. முதலாளி ஒரு போத்தல் புது எண்ணெயை அதன் மேல் ஊற்றி அடுப்பை மூட்டச் சொல்வார். உருகிக் கலந்ததும் நிறம் கொஞ்சம் வெளுக்கும். எண்ணெய் சரியாகிவிட்டது என்று நாங்களும் நம்பினோம். உண்மையில், பழைய எண்ணெயில் ஏற்கெனவே இருக்கும் சிதைவுப் பொருட்கள் புது எண்ணெயையும் வேகமாகக் கெடுத்துவிடுகின்றன. உறை மோரைப் பாலில் விட்டது போலத்தான்.

சட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பின்னாளில் தேடிப் படித்தேன். பொரிக்கும் சூடு பொதுவாக 160 முதல் 180 பாகை வரை இருக்கும். வடை மாவில் உள்ள நீர் ஆவியாகி வெளியேறும்போது எண்ணெயின் கொழுப்பை உடைத்துச் சுயாதீன கொழுப்பமிலங்களைப் பிரித்துவிடுகிறது. இவை கூடக் கூட எண்ணெய் புகையத் தொடங்கும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும். மேற்பரப்பில் படும் காற்றின் ஒட்சிசன் கொழுப்பைத் தாக்கி முதலில் பெரொக்சைட்டுகளையும், அவை உடையும்போது காரமான மணமுள்ள அல்டிகைட்டுகளையும் உண்டாக்குகிறது. மிஞ்சியவை ஒன்றோடொன்று பிணைந்து பிசுபிசுப்பான பெரிய மூலக்கூறுகளாகின்றன. சட்டியின் விளிம்பில் வார்னிஷ் பூசியது போல, தேய்த்தாலும் போகாமல் ஒட்டியிருக்கிறதே, அது இந்தப் பிசின்தான். இவ்வாறு சிதைந்தவற்றை மொத்தமாக முனைவுச் சேர்வைகள் என்கிறார்கள். "கொதிக்கிற எண்ணெயில் எந்தக் கிருமி தம்பி உயிரோடு இருக்கும்?" என்று பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கிருமி இராது என்பது சரி. ஆனால் இந்தப் பொருட்களை உண்டாக்குவதே சூடுதான் என்பதால், மேலும் சூடாக்குவதால் அவை அழியமாட்டா. துணியில் வடிகட்டினால் கருகல் துகள்கள் போகும், அது நல்லதும்கூட. எண்ணெயில் கரைந்து நிற்பதைத் துணி பிடித்து வைக்காது.

இவற்றின் அளவைக் கொண்டுதான் பல நாடுகள் எல்லை வகுத்திருக்கின்றன. முனைவுச் சேர்வைகள் ஸ்பெயினிலும் பிரான்சிலும் 25 வீதத்தையும், ஜேர்மனியில் 24 வீதத்தையும் தாண்டினால் அந்த எண்ணெயை வீச வேண்டும். இந்தியாவில் 2018 ஜூலை முதல் 25 வீதம் என்பதே சட்டபூர்வமான எல்லை. சட்டிக்குள் நுனியை அமிழ்த்தினால் அளவைக் காட்டும் கைக்கருவிகளும் இருக்கின்றன. ஸ்பெயினின் தெற்கே பிஸாரா என்ற ஊரில் வீட்டுச் சமையலறைகளிலிருந்து எண்ணெய் மாதிரிகளை எடுத்துச் சோதித்து 2003 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், சிதைந்த எண்ணெய் பாவிக்கப்பட்ட வீடுகளில் உயர் இரத்த அழுத்தமும் கூடுதலாகக் காணப்பட்டது. எலிகளில் செய்த ஆய்வுகள் பலவும் இதே திசையைக் காட்டுகின்றன. ஒரு நாள் ஒரு வடை தின்றதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. நாள் தவறாமல், வருடக் கணக்கில் தின்பவரைப் பற்றியே நான் கவலைப்படுகிறேன்.

தேங்காய் எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமது கடைகளில் அதுவே அதிகம். அதில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பு என்பதால், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களைவிட ஒட்சிசனின் தாக்குதலை நன்றாகத் தாங்கும். நீரினால் உடைவதை மட்டும் அதனால் தடுக்க முடியாது. உடைந்து லோரிக் அமிலம் பிரிந்தால் சவர்க்கார வாடை வரும். இன்னொன்று, தேங்காய் எண்ணெயுடன் வேறு எண்ணெயைக் கலந்து பொரித்தால் நுரை பொங்கும். 2021 ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதிக்குத் தடை அறிவிக்கப்பட்டபோதும், 2022 பொருளாதார நெருக்கடியில் விலை எகிறியபோதும், அன்றன்று கிடைத்த எண்ணெயை முன்பிருந்த எண்ணெயின் மேலேயே ஊற்றிய கடைகளை நான் அறிவேன். ஆகையால் நுரையைக் கண்டவுடன் பழைய எண்ணெய் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் எந்தக் காரணத்தால் நுரைத்தாலும் அந்தச் சட்டி ஒழுங்காகக் கவனிக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சட்டிக்கு முன்னால் நிற்பவரையும் இங்கே மறக்கக் கூடாது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம், உயர்ந்த வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை மனிதரில் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. எண்ணெய் பழசாகப் பழசாக, குறைந்த சூட்டிலேயே புகை கிளம்பும். குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி வைக்கும் நமது கடைகளில் அந்தப் புகை போகும் வழியில்லாமல் நிற்கும். மூன்று வருடங்கள் நான் இருமிக்கொண்டே வேலை செய்தேன். பனியின் குணம் என்றே நினைத்திருந்தேன்.

இனி, எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டியதைச் சொல்கிறேன். சட்டி நிரம்பி வழியும் அளவுக்கு எண்ணெய் சேர்ந்தால், அடியில் உள்ள கரிய பகுதியை ஒரு தகரத்தில் வடித்து வைப்போம். வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து அதைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போவார். விளக்கு எரிக்க என்று முதலாளி சொன்னதை நானும் கேட்டுக்கொண்டேன். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா, பத்து மணித் தேத்தண்ணிக்கு லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) கீழே இருந்த சிறு கடையில் இரண்டு வடை வாங்குவது வழக்கம். ஒரு நாள், "கொஞ்ச நாளா அந்தக் கடை வடையைத் தின்னா நெஞ்சு எரியுதுப்பா, தொண்டையும் கரகரங்குது" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். பின்பக்கத்தில், நான் என் கையால் மூடி அடைத்து, வாய்க்குச் சிவப்புத் துணி கட்டிக் கொடுத்த தகரம் இருந்தது. கடைக்காரரை என்னால் திட்ட முடியவில்லை. இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய நிலையில் அவரும் இருந்தார். நகரத்துக் கடை கழித்த எண்ணெய் படியிறங்கிப் படியிறங்கி, நாட்சம்பளத்துக்கு மலையில் ஏறி இறங்குகிற பெண்ணின் வயிற்றில் போய் முடிகிறது. நெஞ்செரிவுக்கு அம்மா இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார், நானோ அந்தத் தகரத்துக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன்.

வாங்குபவர் கவனிக்கக்கூடியவை சில உண்டு. நல்ல எண்ணெயில் வடையைப் போட்டதும் பெரிய குமிழிகள் எழுந்து சளசளத்து, நீர் வற்றியதும் அடங்கிவிடும். பழைய எண்ணெயில் சவர்க்கார நுரை போன்ற சிறு குமிழிகள் விளிம்பு வரை ஏறி, வடையை எடுத்த பிறகும் அடங்காமல் நிற்கும். எதையும் போடுவதற்கு முன்பே சட்டி புகைந்தால் விலகி நடந்துவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஏனென்றால் மிளகாய்த் தூள் சேர்ந்த கட்லட்டைப் பொரித்தால் புது எண்ணெயும் சிவக்கும். வடையைப் பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது: சிதைந்த எண்ணெய் தடித்துவிடுவதால் வடையை விட்டு வடியாமல் ஒட்டிக்கொள்ளும், உள்ளே வரை எண்ணெய் ஊறியிருக்கும், கொப்பித் தாளில் சுற்றிக் கொடுத்தால் எழுத்து மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தாள் நனைந்துவிடும். (அச்சிட்ட தாளிலும் எழுதிய தாளிலும் சுற்றுவதே தவறு, அது வேறு பெரிய கதை.) தின்று முடித்த பிறகு தொண்டையின் பின்புறம் அரித்தால் அந்தக் கடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. "அண்ணே, எண்ணெய் எப்ப மாத்துனீங்க?" என்று நாலு பேருக்கு முன்னால் மரியாதையாகக் கேட்டால், பதில் எப்படி வந்தாலும் அடுத்த முறை அவர் யோசிப்பார். எங்கள் கடையில் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டும் மாறவில்லை என்றால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பி.எச்.ஐ. என்று நாம் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். மனித பாவனைக்கு ஒவ்வாத உணவை விற்பது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி குற்றம். கடைக்குள் சென்று பரிசோதிக்கவும் மாதிரி எடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. முறையிடும்போது தோட்டத்துச் சிறு கடைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரதான வீதியிலிருந்து தள்ளி இருக்கும் அந்தக் கடைகளைத்தான் எல்லோரும் கடைசியாக நினைக்கிறார்கள்.

எனது கடையில் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். அகலச் சட்டியை விட்டுவிட்டு வாய் குறுகிய ஆழமான சட்டிக்கு மாறினேன். காற்றுப் படும் பரப்பு குறைகிறது, இரண்டரை லீற்றர் எண்ணெயே போதுமாக இருக்கிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுவேன். காலையில் வடை, மீன் சேர்ந்த கட்லட்டும் ரோல்ஸும் மாலையில். இரவில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, உறைவதற்கு முன், துணியில் வடித்துச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிறேன். இரண்டாம் நாள் இரவு எண்ணெய் முழுவதும் வெளியே போகும். மிச்சத்தின் மேல் புதிதை ஊற்றுவது இல்லவே இல்லை. செலவு கூடத்தான் செய்கிறது, வடையின் விலையும் பக்கத்துக் கடையைவிடப் பத்து ரூபாய் கூட. கழித்த எண்ணெயைத் தகரத்தில் ஊற்றும்போதே கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்துவிடுகிறேன். அந்த வாடைக்குப் பிறகு அதில் யாரும் எதையும் பொரிக்க முடியாது. கொங்கிறீட் போடும் மேசன்மார் பலகைகளுக்குப் பூச அதைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.