பண்டோங் கிளாஸ் ஏன் வேர்க்கிறது? ஓர் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டவை

கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள், ஆசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் தொடக்கநிலைப் பள்ளியில் இருபது ஆண்டுக்கு மேல் அறிவியல் கற்பித்தேன். பிறகு சில காலம் இளம் ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிக்கும் வேலை. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

ஈசூனிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், மகள் தொடக்கநிலை 5. வாயால் கேட்டால் நன்றாகச் சொல்கிறாள். தாளில் எழுதினால் 'கீவேர்ட் இல்லை' என்று மதிப்பெண் போய்விடுகிறது. மனப்பாடம் செய்ய வைக்கட்டுமா?

மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கொஞ்சம் ஏறும், மறுக்க மாட்டேன். ஆனால் அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்பது அதன்பின் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

'சுற்றியுள்ள காற்றிலிருக்கும் நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளியானது.' இந்த வரியை என் வகுப்பில் எல்லாரும் பிசகாமல் எழுதுவார்கள். ஒருநாள் ஐஸ் போட்ட பண்டோங்கை, அதாவது ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பிங்க் நிறப் பானத்தை, கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கிளாஸின் வெளியே துளி கோத்ததும், "டிஷ்யூவால் துடைத்தால் என்ன நிறம் வரும்?" என்று கேட்டேன். பாதிப் பேர் 'பிங்க்' என்றார்கள். முந்தின வாரம் அதே வரிக்கு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்! துடைத்துக் காட்டினேன், டிஷ்யூ வெள்ளையாகவே இருந்தது. அன்றைக்கு எனக்குத்தான் பாடம். நான் இத்தனை நாள் திருத்தியது அவர்களுடைய ஞாபகசக்தியை.

நீங்கள் வீட்டில் இதைச் செய்யலாம். முதலில் என்ன நடக்கும் என்று மகளைச் சொல்ல விடுங்கள், அப்புறம் செய்து பாருங்கள், கடைசியில் காரணம் கேளுங்கள். மறுநாள் இடத்தை மாற்றிக் கேளுங்கள்: ஏசி பேருந்தின் சன்னல் பனித்திருக்கிறதே, தண்ணீர் உள்பக்கமா, வெளிப்பக்கமா? சரியாகச் சொல்லிவிட்டால் புரிந்துவிட்டது என்று நம்பலாம்.

கீவேர்டுக்கு வருகிறேன். நீர் எங்கிருந்து வந்தது, எதைத் தொட்டது, எதை இழந்தது, என்ன ஆனது? இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுதினால் கீவேர்ட் தானாக வந்து உட்காரும்.

அரையாண்டுத் தேர்வே இல்லை. பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2023க்குள் தொடக்கநிலை, உயர்நிலை எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். அதனால் கிடைத்த நேரத்தை டியூஷனில் வைக்கும் மாதிரித் தேர்வுகளால் நிரப்பாதீர்கள். பயிற்சித் தாளில் தவறான பதில்களை மட்டும் பாருங்கள். ஒரே தவறு மூன்று இடத்தில் வந்தால் அது கவனக்குறைவு அல்ல, மனத்தில் உள்ள ஒரு கருத்து. மதிப்பெண்ணை விட அதைப் பற்றி ஆசிரியரிடம் பேசுங்கள்.

உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் ஓர் இளைஞர்: டீச்சர், மாணவர் கருத்துப் படிவத்தில் எனக்கு அமோக வரவேற்பு. தேர்வில் வகுப்பு தடுமாறுகிறது. நான் நல்ல ஆசிரியரா இல்லையா?

தம்பி, படிவம் உங்களைப் பிடித்திருக்கிறதா என்று சொல்லும், கற்றார்களா என்று சொல்லாது. ஹார்வர்டு இயற்பியல் மாணவர்களை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. குழுவாகக் கணக்குப் போட்டுத் திணறியவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். அழகான விரிவுரை கேட்டவர்களுக்கு நேர்மாறு.

ஆகவே பாடம் தொடங்கும் முன் ஒரு சிறு தேர்வு, முடிந்தபின் அதே கருத்துகளில் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, ஏறுவதற்கு இருந்த இடத்தால் வகுக்க வேண்டும். நூற்றுக்கு 40இலிருந்து 70க்கு வந்த வகுப்பு, இருந்த 60இல் 30 ஏறியிருக்கிறது: 0.5. 70இலிருந்து 85க்கு வந்த வகுப்பும், 30இல் 15 என்பதால், 0.5தான். கெட்டிக்கார வகுப்பு கிடைத்த ஆசிரியர் மார்தட்டிக்கொள்ள முடியாது! ரிச்சர்ட் ஹேக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1998இல் 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் இயற்பியல் முடிவுகளை இப்படிப் பார்த்தார். வழக்கமான விரிவுரையில் சராசரி 0.23, மாணவர் பங்கெடுத்த வகுப்புகளில் 0.48.

இரண்டாம் தேர்வை உடனே வைக்காதீர்கள். மூன்று வாரம் கழித்து வையுங்கள், நிஜம் தெரியும்.

கேள்வி கேட்டால் எப்போதும் அதே மூன்று கைகள்தான் உயர்கின்றன, டீச்சர்.

எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஆசிரியர்களைக் கவனித்தபோது, கேள்விக்குப்பின் பலரும் ஏறக்குறைய ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். மூன்று விநாடி பொறுத்ததும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் கொடுமையாக இருக்கும், மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லாரிடமும் சிறு வெண்பலகை கொடுத்து ஒரே நேரத்தில் பதிலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று கைகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர்கள் அப்போது தெரிவார்கள்.

பயிற்சிப் புத்தகத்தில் மதிப்பெண்ணும் போட்டுக் குறிப்பும் எழுதுகிறேன். யாரும் குறிப்பைப் படிப்பதில்லை.

மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். ரூத் பட்லர் என்ற ஆய்வாளரின் 1988ஆம் ஆண்டு ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பலனில்லாமல் போனது. எண் கண்ணில் பட்டதும் பக்கத்துப் பிள்ளையின் எண்ணைப் பார்க்கப் போய்விடுகிறோம், பெரியவர்களும் அப்படித்தானே!

உலகத்திலேயே நாம்தான் முதலிடமாமே?

ஆமாம். பல நாட்டு மாணவர்களின் கணித, அறிவியல் திறனை ஒப்பிடும் 2023 டிம்ஸ் ஆய்வில், அறிவியலில் நம் சிங்கப்பூரின் தொடக்கநிலை 4 மாணவர்கள் 607 புள்ளி, உயர்நிலை 2 மாணவர்கள் 606 புள்ளி. அது மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த மாணவர்களின் சராசரி. உங்கள் பிள்ளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

வீட்டில் தமிழில்தான் பேசுகிறோம். அறிவியலைத் தமிழில் விளக்கினால் குழம்பிவிடுவானா?

குழம்ப மாட்டான். தமிழில் பேசவிட்டால் அவன் நினைப்பது இன்னும் தெளிவாக வெளியே வரும். 'கிளாஸ் வேர்த்திருக்கு' என்கிறோம் பாருங்கள், வேர்வை உள்ளேயிருந்துதானே வரும்? என் வகுப்பில் பிங்க் என்று சொன்ன தமிழ்ப் பிள்ளைகள் சிலர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். இட்லிப் பானையைத் திறந்தால் வெள்ளையாக எழுவதை 'ஆவி' என்கிறோம். ஆனால் நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது அது குளிர்ந்து உருவான நுண்ணிய நீர்த்துளிகள். கெட்டிலின் மூக்கை ஒட்டி ஒன்றுமே இல்லாதது போல் ஒரு சிறு இடைவெளி தெரியும். "அங்கே என்ன இருக்கு?" என்று பையனிடம் கேட்டுப் பாருங்கள். கை வைக்க மட்டும் விடாதீர்கள், வெந்துவிடும்.