பர்மாத் தந்தமும் பேரேட்டுக் கணக்கும்

சுங்கத்துறையில் சரக்குப் பெட்டிகளைத் திறந்து பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். ஊர் காரைக்குடி. அரிய உயிரின வணிகம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்த வரை சொல்கிறேன்.

கானாடுகாத்தான் ஆச்சி: ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த தந்தச் சிமிழ் பெட்டகத்தில் கிடக்கிறது. நூறு வருடப் பழசு. அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்குக் கொடுத்தனுப்பலாமா?

வேண்டாம் ஆச்சி. பழசு என்பதற்காக நம் வனவிலங்குச் சட்டம் விடாது. உரிமைச் சான்று இருந்தால் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. கையில் இருப்பதைச் சொல்லிப் பதிவு செய்ய 2003-இல் அவகாசம் கொடுத்தார்கள். அப்போது பெட்டகத்தை யார் திறந்து பார்த்தோம்? சான்று இல்லையென்றால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். கொடுத்தனுப்பினால் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு முழிப்பது பேத்திதான்.

தேவகோட்டைக் கல்லூரி மாணவர்: எந்த நாட்டிலிருந்து எது, எவ்வளவு போகிறது என்று யார் கண்காணிக்கிறார்கள்?

அரிய உயிரினங்கள் நாடு விட்டு நாடு விற்கப்படுவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உடன்படிக்கை 1975-இல் நடைமுறைக்கு வந்தது. மறு வருடமே இந்தியா சேர்ந்தது. அதற்கென்று தனிப் போலீஸ் கிடையாது தம்பி, கணக்குதான் காவல். ரங்கூன் கடைக் கணக்கையும் ஊர்ப் பேரேட்டையும் நம் ஆட்கள் ஒத்துப் பார்த்தார்களே, அதே வேலைதான். அனுப்பிய நாடு, வாங்கிய நாடு இரண்டும் வருடாவருடம் தனித்தனியே கணக்கு எழுதி அனுப்ப வேண்டும். கேம்பிரிட்ஜில் உள்ள ஐ.நா. சார்ந்த மையம் அதையெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் ஏற்றுகிறது. ஒரு பக்கம் நூறு, மறுபக்கம் முந்நூறு என்றால் எங்கோ இடிக்கிறது. உடனே திருட்டு என்று கத்திவிடவும் கூடாது: ஒருவர் கொடுத்த பர்மிட்டை எண்ணியிருப்பார், இன்னொருவர் வந்திறங்கிய சரக்கை எண்ணியிருப்பார். டிசம்பரில் கிளம்பியது அடுத்த வருடக் கணக்கில் விழும். என் கண் முதலில் போவது மூலக் குறிக்கு. காட்டில் பிடித்தால் 'டபிள்யூ', பண்ணையில் பிறந்தால் 'சி'. பண்ணையே இல்லாத இடத்திலிருந்து 'சி' குவிந்தால், அங்கேதான் தோண்ட வேண்டும்.

பழைய சாமான் கடைக்காரர்: தேக்குத் தூண், ஈட்டி மர பீரோ ஏற்றுமதிக்கும் இதெல்லாம் உண்டா?

தேக்கு சைட்டிஸ் பட்டியலில் இல்லை அண்ணே. ஈட்டி 2017 முதல் இரண்டாம் பட்டியலில், அதாவது பர்மிட் இருந்தால்தான் அனுப்பலாம் என்ற பட்டியலில் இருக்கிறது. கனத்த பீரோ என்றால் காகிதம் இல்லாமல் கப்பல் ஏற்றாதீர்கள்.

தொண்டியிலிருந்து ஒருவர்: கடல் அட்டை இலங்கையில் பிடிக்கலாமாம், இங்கே மட்டும் தடையா?

அங்கே உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். இங்கே 2001 முதல் கூடாது. இந்தக் கரையில் எடுத்தது இரவோடு இரவாகக் கடந்துபோய் அந்தக் கரைச் சரக்காக மாறிவிட்டால், எந்தப் பேரேட்டிலும் தெரியாது.