வீட்டுக் கணினிக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கத்தான் வேண்டுமா?

விண்டோஸ் கணினி என்றால் வேண்டியதில்லை என்பதே என் பதில். அதனுடனேயே வரும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும். அந்தப் பணத்தில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அப்டேட். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வானாகிரை என்ற தீய நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை உடனே நிறுவியவர்களிடம் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. "பிறகு நினைவூட்டு" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது இத்தகைய திருத்தங்கள் வழக்கமாக வருவது, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

ஆனால் நான் பார்த்தவரை, வீட்டுக் கணினிகளில் தொற்று பெரும்பாலும் நாமே கூப்பிட்டுத்தான் வருகிறது. விலைக்கு விற்கும் மென்பொருளை இலவசமாகத் தரும் கிராக் கோப்புகளைத்தான் சொல்கிறேன். "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். அந்த வரியைக் கண்டதும் கோப்பை அழித்துவிடுங்கள், தயவுசெய்து. இப்படி வரும் உளவு மென்பொருள் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களோடு, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்குச் சாட்சியான குக்கிகளையும் அள்ளிச் செல்லும். அவை கையில் இருந்தால் கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலே திருடன் உங்கள் கணக்குக்குள் நுழைய வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

"உங்கள் கணினியில் வைரஸ்" என்று இணையப் பக்கம் ஏதாவது அலறினால் அதை மூடிவிடுங்கள். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் கணினியைச் சோதித்துப் பார்க்க முடியாது.

அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத சாதாரணக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கோப்புகளை இது காக்காது. ஆனால் தீய நிரல் கணினியின் அடிமடியில் கை வைப்பது கடினமாகும். கோப்புப் பெயரின் கடைசியில் வரும் .txt, .exe போன்ற பின்னொட்டைக் காட்டும்படியும் அமைத்துவிடுங்கள். விண்டோஸ் அதை மறைத்துவைப்பதால்தான் 2000-இல் 'ஐ லவ் யூ' வைரஸ் பலர் கண்ணுக்கு வெறும் உரைக்கோப்பாகத் தெரிந்தது.

இனி அந்த ஹார்டு டிஸ்க். படங்களையும் ஆவணங்களையும் அதில் நகலெடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அவ்வப்போது அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து, நகல் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.